கூடை மட்டும் இருக்கட்டும்

"…கடல்ல இல்லாத கப்பலை உட்டது நீ, ஆகாசத்துல இல்லாத காக்காவ உட்டது நீ. அங்கியே குந்தினு இருந்த என்னை மட்டும் உன்னால வெக்க முடியல. அப்டித்தானடா நைனா?"

தியேட்டர் வராந்தாவில், இடைவேளையில், பாப்கார்ன் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று என் அத்தை கேட்ட கேள்வி இது. சுற்றிலும் காசிமேட்டு மீன் மார்க்கெட்டில் அவளோடு ஒரே வரிசையில் உட்காரும் எட்டுப் பெண்கள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. அவள் மகளையே கட்டிக்கொண்டதால் மாமியாரும் அவள்தான். கல்யாணம் வரைக்கும் "டா" போட்டுக் கூப்பிட்டவள், தாலி கட்டிய மறுநாளே "வாங்க மாப்ள" என்று மரியாதைக்கு மாறிக்கொண்டாள். ஆறு வருடம் கழித்து அன்றைக்குத்தான் பழைய "டா" திரும்பி வந்தது. நான் செய்திருந்த காரியத்துக்கு அது மலிவான விலை.

என்ன காரியம் என்று சொல்வதற்கு முன்னால் என் தொழிலைச் சொல்ல வேண்டும். சினிமாவில் கிராபிக்ஸ் வேலை. உடனே நீங்கள் பறக்கும் யானையை நினைப்பீர்கள். யானை விடுகிறவர்கள் மாடியில் இருப்பார்கள், ஜன்னல் ஓரம். நான் கீழே, ஜன்னல் இல்லாத அறையில், அழிக்கிற பிரிவு. காட்சியில் தெரியக் கூடாதது எது தெரிந்தாலும் அதை ஒவ்வொரு பிரேமாக, ஒரு நொடிக்கு இருபத்துநாலு தடவை, துடைத்து எடுப்பது. ஹீரோ பறந்து உதைப்பார். அவரை இழுத்துப் பிடித்திருந்த கயிற்றையும், கயிறு பிடித்த நாலு பேரையும் நான் அழிப்பேன். கைதட்டல் ஹீரோவுக்குப் போகும், கண்வலி எனக்கு வரும். ஒரு மாசம் முழுக்க ஒரு பெரிய மனிதரின் தொப்பையோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். பெண்டாட்டியைவிட அதை அதிக நேரம் பார்த்தேன். இன்று அவரை விளம்பரப் பலகையில் ஒட்டிய வயிற்றோடு பார்த்தால், வளர்த்த பிள்ளையை யாரோ தத்துக் கொண்டுபோன மாதிரி இருக்கிறது.

வேலை கிடைத்த செய்தியைச் சொன்னபோது அத்தை நிதானமாக யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அழிக்கிறதுக்கு ஒரு ஆளு, அவனுக்கு ஒரு சம்பளம், மேல ஏசி வேற. எங்களுக்கெல்லாம் அலை சும்மாவே வந்து அழிச்சிட்டுப் போவுது."

இந்த வித்தையை எனக்கு யாரும் உட்காரவைத்துக் கற்றுத் தரவில்லை. திருவொற்றியூரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் தானாகப் பழகியது. கல்யாணப் பெண்ணுக்குப் பருவை எடுப்பது, மாப்பிள்ளைக்கு முடி வைப்பது, செத்துப்போனவரின் ரேஷன் கார்டு போட்டோவைப் பெரிதாக்கிக் கோட்டு மாட்டுவது. ஆயுசுக்கும் சட்டை போடாத கட்டுமரக்காரர்கள் எத்தனை பேருக்கு நான் கோட்டும் டையும் மாட்டி மேலே அனுப்பியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. ஓர் அம்மா சட்டம் போட்ட படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இவரு யாரு, பேங்க்ல கீறவரா? என் ஆளு எங்க?" என்றாள். அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது வடபழனிப் பக்கத்தில் இந்த சினிமா வேலைதான்.

அந்த ஆபீசில் சேர்ந்த முதல் நாள் புது ஆட்கள் வரிசையாக நின்று ஊர் பேர் சொன்னோம். எனக்கு முன்னால் நின்றவன் வியாசர்பாடி என்றான். "கத்தியெல்லாம் வெளியில வெச்சிட்டு வந்தியா?" என்று யாரோ கேட்க, அறையே சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான். வேறென்ன செய்வான், சம்பளம் இன்னும் முடிவாகவில்லை. அடுத்தது நான். காசிமேடு என்று வாயெடுத்தவன் பெரம்பூர் என்று முடித்தேன். பெரம்பூர் என்றால் ரயில்வே குவார்ட்டர்ஸ், கேரம் போர்டு, கௌரவமான ஊர். யாரும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து ஆபீசில் நான் பெரம்பூர்க்காரன். மீன் விற்ற காசு நாறாது என்பார்கள். வாஸ்தவம்தான். மீன் விற்கும் வீட்டில் காயும் சட்டை நாறுமே என்ற பயத்தில் தினமும் அரை பாட்டில் சென்ட் அடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

இந்த நிலையில்தான் எங்கள் ஊரில் படம் எடுக்க வந்தார்கள். வடசென்னையை உள்ளது உள்ளபடி காட்டப்போகிற படம். மண்ணின் வாசனை வேண்டும் என்று இயக்குநர் பேட்டியெல்லாம் கொடுத்திருந்தார். மூக்கில் கர்சீப் கட்டிக்கொண்டுதான் வந்து இறங்கினார். வந்ததும் மார்க்கெட் ரொம்பச் சுத்தமாக இருக்கிறது என்று குறைப்பட்டார். ஒரு லாரி குப்பை வரவழைத்துப் பரப்பினார்கள். சாயங்காலம் அதைப் பத்திரமாக அள்ளி மூடி வைத்தார்கள், மறுநாளும் வேண்டுமே. எங்கள் தெருக் குப்பைக்கு வண்டி வர ரெண்டு நாளாகிறது, இவர்கள் குப்பைக்கு வாட்ச்மேன் இருக்கிறார் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். ரௌடி வேஷத்துக்கு நம் பையன்கள் போய் நின்றார்கள். முகவெட்டு ரௌடி மாதிரி இல்லை, கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிறவன் மாதிரி இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதில் ரெண்டு பேர் நிஜமாகவே கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிறவர்கள்தான். பதிலுக்கு வெளியூர் ஜிம் பையன்களுக்குக் கன்னத்தில் தழும்பு ஒட்டினார்கள். ஒருவனுடைய தழும்பு தினம் ஒரு இடத்துக்கு நகர்ந்துகொண்டே இருந்தது. பிற்பாடு அதை ஒரே இடத்தில் நிற்க வைக்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது.

பாஷை சொல்லித் தர ஒருத்தரைக் கூட்டி வந்திருந்தார்கள். அவர் அத்தை பேசுவதைக் கேட்டுவிட்டு, மெட்ராஸ் பாஷை மாதிரியே இல்லையே, நடுநடுவில் கஸ்மாலம் என்று சேர்த்துக்கொள்ளுங்கள் என்றாராம். அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்து, "யாரைக் கண்ணு, உன்னையா?" என்று கேட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் வரவில்லை.

நான் அப்போது வடபழனியில் எவர் தொப்பையையோ குறைத்துக்கொண்டிருந்தேன். இதெல்லாம் அத்தை வீட்டில் நடித்துக் காட்டியது. ஹீரோவைவிட நன்றாகவே நடித்தாள்.

காட்சி இதுதான். ஹீரோ மார்க்கெட் வரிசையைக் கடந்து நடப்பார், கேமரா அவர் கூடவே போகும். வரிசையில் மூன்றாவது இடம் அத்தையுடையது. மார்க்கெட்டுக்குள் நுழைகிறவன் முதலில் கழுத்தைத் திருப்பும் இடம். அவள் மாமியார் உட்கார்ந்து, அவளுக்கு விட்டுப்போன இடம். சொந்த வீட்டுப் பட்டாவைவிட அதற்கு மதிப்பு அதிகம். அதனால் அவள் கண்டிப்பாகப் படத்தில் வருவாள். உதவி இயக்குநர் வந்து, எப்போதும் போல வியாபாரம் பண்ணுங்க, கேமராவை மட்டும் பார்க்காதீங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

"எப்பவும் போல வியாபாரம் பண்ணுன்றான். வந்து நிக்கிறவன மட்டும் பாக்காதன்றான்" என்று அத்தை அப்புறம் மகளிடம் நியாயம் கேட்டாள். "ரெண்டுல எதைத்தான்டி பண்றது?"

அவள் கேட்டதில் தப்பே இல்லை. அந்த வரிசையில் உட்காரும் பெண்ணுக்குத் தொழில் என்பதே பார்வைதான். மீனைக் காட்டாதே, கண்ணைப் பிடி, கண்ணைப் பிடித்தால் பையைத் திறப்பான் என்பது அவர்கள் வேதம். நாயே வந்து நின்றாலும் ஒரு தடவை நிமிர்ந்து கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் விரட்டுவார்கள். கேமரா வந்து நின்றது. அத்தை பார்த்தாள். ஏழு தடவை ஹீரோ நடந்தார், ஏழு தடவையும் பார்த்தாள். நாலாவது தடவை கேமராவிடம் வஞ்சிரம் வேணுமா என்றும் கேட்டாளாம். வெளிச்சம் போகத் தொடங்கியதும் இயக்குநர் சினிமா உலகின் மகா மந்திரத்தைச் சொன்னார்: "பரவால்ல, பின்னால பாத்துக்கலாம்." படப்பிடிப்பில் எது கோணினாலும், எது உடைந்தாலும், எவர் மீசை ஒட்டாமல் பிய்ந்தாலும் இந்த மந்திரத்தைச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். அந்தப் "பின்னால" என்பது வேறு யாருமில்லை, நான்தான்.

அத்தைக்கு அது தெரியாது. கேமரா தன்னை ஏழு தடவை பார்த்தது என்பதுதான் அவளுக்குத் தெரியும். "ஹீரோவே ரெண்டு நிமிசம்தான் கீறான், என்னைத்தான் திருப்பித் திருப்பி எடுத்தானுங்க" என்று மார்க்கெட் முழுக்கச் சொல்லி வைத்தாள். வரிசையின் கடைசியில், குழாயடியில் உட்காரும் நண்டுக்காரம்மாவுக்கு மட்டும் இது பொறுக்கவில்லை.

"உன் மூஞ்சிய அம்மாம் பெரிசா போட்டா ஜனம் எழுந்து ஓடிடும்க்கா" என்றாள்.

"ஓடட்டுமே. துட்டு குடுத்துட்டுதான ஓடும்" என்றாள் அத்தை.

பேச்சு ஏறிக்கொண்டே போய்ப் பந்தயத்தில் நின்றது. படத்தில் தான் இல்லையென்றால் தன்னுடைய மூன்றாவது இடத்தில் நண்டுக்காரம்மா உட்காரலாம், தான் குழாயடிக்குப் போகிறேன் என்று அத்தை வாக்குக் கொடுத்துவிட்டாள். மார்க்கெட்டில் பத்திரம் கிடையாது, சாட்சிக் கையெழுத்து கிடையாது. எட்டுப் பேர் காதில் விழுந்துவிட்டால் அதுதான் ரிஜிஸ்டர் ஆபீஸ்.

இந்தப் பந்தயம் முடிந்து நாலு மாசம் கழித்துத்தான் அந்தக் காட்சி என் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்தது. கூடவே ஒரு குறிப்பு: நீலப் புடவை கட்டிய பெண் லென்ஸைப் பார்க்கிறாள், எடுக்கவும். ஓட்டிப் பார்த்தேன். திரையில் அத்தை நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்து வஞ்சிரம் காட்டினாள்.

முதலில் நல்லவனாக இருந்து பார்த்தேன். கருவிழியை மட்டும் நகர்த்தி வேறு பக்கம் பார்க்க வைத்தேன். மாறுகண் அடித்தது. இமையை இழுத்துக் கீழே விட்டேன். யாருக்கோ பயந்து தலைகுனிந்தவள் போல ஆகிவிட்டாள். அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை, அத்தைக்கு அப்படி ஒரு முகமே கிடையாது. பின்னால் வந்து நின்ற சூப்பர்வைசர், தூங்குவது மாதிரி இருக்கிறது, முழுசாக எடுத்துவிடுங்கள் என்றார். பிறகு இதற்குப் போய் ஏன் ரெண்டு நாளாக மல்லுக்கட்டுகிறேன் என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"என்ன, தெரிஞ்சவங்களா?" என்றார்.

கேட்டவர் நல்ல மனிதர். ஆமாம் என்று சொல்லியிருந்தால் இயக்குநரிடம் பேசியிருப்பார், ரெண்டு நொடிப் பார்வையால் படம் ஒன்றும் கவிழ்ந்துவிடாது. ஆனால் ஆமாம் என்றால் அடுத்த கேள்வி எப்படி என்பது. அதற்கடுத்தது, அப்போ பெரம்பூர்? பக்கத்து நாற்காலியில் வியாசர்பாடிக்காரன் வேறு உட்கார்ந்திருந்தான்.

"இல்ல சார்" என்றேன்.

கூடையையும் எடுத்துவிடவா என்று கேட்டேன். ஏதோ ஒன்றையாவது கேட்க வேண்டும் போல இருந்தது. அவர் குனிந்து பார்த்தார். அத்தையின் அலுமினிய அன்னக்கூடை, ஒரு பக்கம் நசுங்கியது, நிறைய மீனோடு வெயிலில் மின்னியது. "கூடை மட்டும் இருக்கட்டும், ஃபிரேமுக்கு அழகா இருக்கு" என்றார். உள்ளது உள்ளபடி காட்டும் படத்துக்கு மீன் வேண்டும், மீன்காரி வேண்டாம்.

அடுத்த ரெண்டு நாளில் முடித்தேன். அவள் முகம் இருந்த இடத்தில் பக்கத்து சிமெண்டுத் தூணை நீட்டி வைத்தேன். கழுத்திலிருந்து கீழே குட்டைச் சுவர். மனசு உறுத்தினால் கை கூடுதலாக ஓடும்போலிருக்கிறது, அந்த மாதிரி சுத்தமான வேலை நான் அதற்கு முன் செய்ததில்லை. அங்கே ஒருத்தி இருந்தது தெரியவே இல்லை என்று சூப்பர்வைசர் முதுகில் தட்டினார். எங்கள் பிரிவில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. மாடியில் ஆள் போதாததால் மீதி நேரத்தில் நானே கடலில் ஒரு கப்பலை மிதக்கவிட்டேன், வானத்தில் காக்கா விட்டேன், எண்ணூர் அனல்மின் நிலையப் புகைக்கூண்டைக் கொண்டு வந்து காசிமேட்டுக்குப் பின்னால் நட்டேன். நிஜப் புகை புகை மாதிரித் தெரியவில்லை என்று இயக்குநர் சொன்னதால் புதுப் புகையும் போட்டேன். எண்ணூர்க்காரன் கேட்டால் இருமி முடித்துவிட்டுச் சிரிப்பான்.

என் மனைவியிடம் மட்டும் சொன்னேன். நீயே அம்மாவிடம் சொல்லிவிடு, உனக்கு விழ வேண்டிய ஏச்சை நான் ஏன் வாங்க வேண்டும் என்றுவிட்டாள். மூன்று தடவை சொல்லப் போனேன். மூன்று தடவையும் அத்தை பெரிய மீன் துண்டாகப் பார்த்து என் தட்டில் வைத்தாள். துண்டு பெரிதாக இருந்தால் உண்மை தொண்டைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. தியேட்டரில் ரெண்டு நொடிதானே, யார் கவனிக்கப்போகிறார்கள், பந்தயத்தையும் மறந்திருப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு படுத்தேன்.

யாரும் மறக்கவில்லை. படம் தடைக்காலத்தில் வெளியானது. கடலுக்குப் போகக் கூடாத மாசங்கள், விசைப்படகெல்லாம் துறைமுகத்தில் ஒட்டிக்கொண்டு நிற்க, மார்க்கெட்டில் ஈ ஓட்டக்கூட ஈ கிடையாது. வரிசை மொத்தமும் பகல் காட்சிக்குக் கிளம்பிவிட்டது. அத்தை அதே நீலப் புடவையைக் கட்டிக்கொண்டாள், பார்க்கிறவர்களுக்குக் குழப்பம் வரக் கூடாதாம். எனக்கும் ஒரு சீட்டு, அவள் பக்கத்திலேயே.

காட்சி வந்தது. ஹீரோ நடந்தார். என் கப்பல் மிதந்தது, என் காக்கா பறந்தது, வாய் சும்மா இருக்காமல் ரெண்டும் நான் விட்டது என்று காதில் சொன்னேன், அத்தை என் கையைப் பிடித்து அழுத்தினாள். தூண் வந்தது, கூடை வந்தது, போய்விட்டது. சினிமா பார்க்கிற உலகத்தில் எவரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள் என்று நான் சத்தியம் பண்ணுவேன். ஆனால் அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் வாழ்நாள் முழுக்கக் கூடையைத்தான் பார்க்கிறவர்கள்.

"ஏய், கூடை தனியா கீதுடி" என்றாள் ஒருத்தி இருட்டில். "ஆளு எங்க?"

"பூனை வந்துடப் போவுது" என்றாள் இன்னொருத்தி.

அத்தை என் கையை விட்டாள். விளக்குப் போட்டதும் எல்லோரும் வராந்தாவுக்கு வந்தார்கள். நண்டுக்காரம்மா அவசரப்படவில்லை. பாப்கார்ன் வாங்கி ரெண்டு வாய் போட்டுக்கொண்ட பிறகுதான், "கூடை நல்லா நடிச்சிருக்குதுக்கா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வெட்டியிருப்பார்கள் போலிருக்கிறது என்று அத்தை மெதுவாகச் சொன்னாள். அவள் குரல் அவ்வளவு மெதுவாக வரும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

"இருந்தாதான வெட்டுறதுக்கு" என்றாள் நண்டுக்காரம்மா.

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். நாலு மாசத்துக்கு மேலாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தவளைப் பார்க்கிற பார்வை. அவளோ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கம்ப்யூட்டரில் நான் இமையை இழுத்துவிட்டபோது வந்ததே, அதே முகம். அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. அத்தை படத்தில் இருந்தாள், நான்தான் அழித்தேன் என்று சொன்னேன். கேமராவைப் பார்த்துவிட்டால் எடுத்துவிட வேண்டும் என்பது தொழில் முறை என்றும் சேர்த்துக்கொண்டேன், ஏதோ அதில் எனக்குக் கொஞ்சம் நிழல் கிடைக்கும் என்று.

நண்டுக்காரம்மா ஒரு நொடியில் கட்சி மாறினாள். நிமிர்ந்து பார்க்காமல் எவளாவது மீன் விற்பாளா என்று என்னைக் கேட்டாள். இது என் அத்தை, விட்டுவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் வாய் வெந்துவிடுமா என்றாள். அதற்கும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. ஆபீசில் நான் பெரம்பூர்க்காரன் என்று சொன்னேன். தெரிந்தவர்களா என்று கேட்டதற்கு இல்லை என்று சொன்னதையும் சொன்னேன்.

"உட்டுத் தள்ளுக்கா. பந்தயமும் வோணாம், எடமும் வோணாம்" என்றாள் நண்டுக்காரம்மா.

அத்தை தலை நிமிர்த்தினாள்.

"சொன்னது சொன்னதுதான். படத்துல நான் இல்ல. தடை முடிஞ்சி போட்டுங்கல்லாம் கடலுக்குப் போனதும் நீ மூணாவது எடத்துல குந்திக்க."

அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பி, கப்பலையும் காக்காவையும் பற்றி அந்தக் கேள்வியைக் கேட்டாள். ஏழு தடவை கேமராவைப் பார்த்த அதே பார்வை. நான் வேறு பக்கம் பார்க்கவில்லை, பார்க்கவும் விட மாட்டாள். பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. நண்டுக்காரம்மா கையிலிருந்த தண்ணி பாட்டிலை வாங்கி, முந்தானை நுனியை நனைத்து, ஒரு கையால் என் தாடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நெற்றியில் ஆரம்பித்து, புருவம், கண், மூக்கு என்று ஒரு இடம் விடாமல் அழுத்தித் துடைக்கத் தொடங்கினாள். உள்ளே படம் ஆரம்பிக்க மணி அடித்தது, சுற்றி நின்றவர்கள் யாரும் நகரவில்லை, அவள் கன்னத்துக்கு வந்துகொண்டிருந்தாள்.